கிணறுகளைத் திருத்திய லிங்க்

அந்த லிங்க்கை வெளியே விட்டது நீங்கள்தான். அந்தப் பிள்ளை இல்லை. தெரிந்துகொண்டேதான் பழியை அவள் தலையில் போட்டீர்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நான் யாரோடு சண்டை பிடிக்கிறேன் என்று விளங்க வேண்டும். யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். எங்கள் காரியாலயம் கரம்பொனில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் நடக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். அவருடைய கல்யாணப் படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் வீட்டைத் தந்தார். அதனால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுக்குக் கீழே கதிரையைப் போட்டு நான் கடிதம் அடிக்கிறேன். காரியாலயத்தில் மூன்று பேர். கடிதம், கணக்கு பார்க்கிற நான். பவுசர் என்கிற தண்ணீர் லொறி ஓடுகிற அண்ணை. கிணறு கிணறாகப் போய்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து பதிகிற பிள்ளை. பிள்ளை என்றாலும் முப்பது தாண்டிவிட்டது. புங்குடுதீவில் மடத்துவெளியைச் சேர்ந்தவள் என்றபடியால் எங்களுக்கு அவள் மடத்துவெளிப் பிள்ளை. எங்களுக்கு மேலே ஒரு முகாமையாளர். அவர் யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிறார். மேலே எழுதியது அவருக்கு.

பிள்ளையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் பூனைக்குட்டி இல்லை. நேரத்துக்கு வரமாட்டாள். என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமல் திறப்பாள். "அக்கா, உங்கட புட்டு இண்டைக்கு நல்லாயில்லை" என்று சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வாள். ஆனால் கிணற்றில் அளக்காமல் ஒரு எழுத்தும் பதியமாட்டாள். கேணியடியில் நாய் துரத்தினால் அடுத்த நாள் தடியோடு போய் அளந்துவிட்டு வருவாள். அது எனக்குத் தெரியும், நான்தான் அந்தத் தடியை வெட்டிக் கொடுத்தது.

முந்தி எங்கள் கோப்புகள் பஸ்ஸில்தான் போகும். சின்னப் பென்டிரைவ் ஒன்றை வீரகேசரியோ உதயனோ, கையில் கிடைக்கிற பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். நகரத்தில் முகாமையாளரின் ஆள் நின்று வாங்குவார். சில நாள் பஸ் பழுதாகும். சில நாள் கண்டக்டர் மறந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். திரும்பி வரும்போது எங்களிடம் ஒரு கோப்பு, அவரிடம் ஒரு கோப்பு, பவுசர் அண்ணையின் கையில் போன மாதம் அச்சடித்த தாள் ஒன்று. மூன்றும் மூன்று கதை சொல்லும்.

அந்தக் கூத்தை நிறுத்தியது முகாமையாளர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் எங்களை நகரத்துக்குக் கூப்பிட்டு, சுவரில் படம் காட்டி, பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒரே ஃபோல்டர். அதற்குள் கட்டம் கட்டமாக ஒரே ஷீற். அதற்கு ஒரு லிங்க். லிங்க் யாரிடம் இருக்கிறதோ அவர் இருந்த இடத்திலிருந்து திறக்கலாம். லிங்க்கில் வகை உண்டு என்றும் அவரேதான் சொன்னார். ஒன்று பார்க்க மட்டும். மற்றது திறந்தவர் எழுதலாம், அழிக்கலாம், மாற்றலாம்.

"சேர், கரன்ட் போனா?" என்று நான் கேட்டேன்.

"கரன்ட் போனாலும் ஷீற் போகாது அக்கா. அது உங்கட கொம்பியூட்டருக்குள்ள இல்லை."

"அப்ப எங்க?"

"அது தூரத்தில ஒரு இடத்தில."

"எங்கட காரியாலய வீட்டைப் போல ஆரோ பூட்டிப்போட்டுப் போன இடமோ சேர்?" என்று மடத்துவெளிப் பிள்ளை கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல மனிசர் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகும் பல நாள் நினைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, பவுசர் குழாயை எங்களோடு சேர்ந்து இழுத்தவர் அவர்.

ஷீற் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒரு கிணற்றுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் எந்த ஒழுங்கை, அதாவது எந்தச் சந்து. அடுத்ததில் யாருடைய கிணறு. அதற்கடுத்ததில் தண்ணீர் எப்படி. அங்கே "உவர்" என்று பிள்ளை எழுதினால் வரி சிவப்பாகும். "நல்ல தண்ணி" என்று எழுதினால் பச்சையாகும். சிவப்பு நிறைந்த ஒழுங்கைக்குப் பவுசர் போகும். பச்சை நிறைந்த ஒழுங்கைக்குப் போகாது. பவுசர் அண்ணை சாட்டிப் பக்கம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நிற்கும்போது ஃபோனில் ஷீற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வழியில் மறித்துக் கேட்கிறவர்களுக்கு ஊற்றக்கூடாது, ஷீற்றில் உள்ளபடிதான் ஓட வேண்டும் என்பது முகாமையாளரின் கண்டிப்பான கட்டளை. அதுவும் நியாயமான கட்டளைதான். அதற்கு முன்னே குரல் பெரிய வீட்டுக்கெல்லாம் தண்ணீர் போனது.

யாருடைய கிணறு என்ற கட்டத்தில்தான் எங்கள் ஊரின் கதை இருந்தது. எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு இலக்கம் கிடையாது. பாதி வீடுகளில் ஆளும் கிடையாது. அயலில் கேட்டால் என்ன சொல்வார்களோ அதையே பிள்ளை எழுதினாள். "கனடாக்காரற்ற கிணறு." "சுவிஸ்காரி வளவு." "கொழும்புக் கடைக்காரற்ற கிணறு, பெரிசு." "கனடாக்காரற்ற தம்பியின்ர கிணறு, கதைபேச்சில்லை." அந்தக் "கதைபேச்சில்லை" என்பது அண்ணன் தம்பிக்குள் இல்லாத பேச்சு. அதை ஏனடி எழுதினாய் என்று கேட்டேன். "அக்கா, அப்பிடிச் சொன்னாத்தான் பவுசர் அண்ணைக்கு எந்தக் கிணறெண்டு தெரியும்" என்றாள். அவருக்கு உண்மையில் அப்படித்தான் தெரிந்தது.

இப்போது லிங்க்குக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிற புங்குடுதீவு ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குறூப் வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராக எல்லோருக்கும் உண்டு. கோயில் திருவிழாவும் செத்தவீடும் அதில்தான் ஓடும். காசு அனுப்பி எங்கள் பவுசரை ஓடவைக்கிறவர்களும் அவர்கள்தான், அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். முகாமையாளரும் அந்த ஊர்க்காரர், அந்தக் குறூப்பில் இருக்கிறார். ஊரில் என்ன நடக்கிறது, எங்கள் கிணறுகளின் நிலைமை என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் சந்தோஷத்தில் லிங்க்கைப் பிரதி எடுத்துப் போட்டுவிட்டார். "எல்லாரும் பாருங்கோ, மடத்துவெளிக் கிணறு ஒவ்வொண்டும் இதில இருக்கு" என்று கீழே எழுதியும் இருக்கிறார். போட்டது பார்க்கிற லிங்க் இல்லை. எழுதுகிற லிங்க்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பவுசர் அண்ணை மாலையில் வந்து சாவியை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, உங்கட ஊர்க் கிணறெல்லாம் நல்ல தண்ணியாப் போச்சுது. ஆர் நேத்தி வைச்சது?"

"உங்கட மனிசிதான். நீங்கள் குளிக்கோணுமெண்டு" என்றாள் பிள்ளை.

அவர்கள் இருவரும் எந்த நாளும் இப்படித்தான் கதைப்பார்கள். அவர் ஏதோ சொல்கிறார் என்று அவளும் விட்டாள், நானும் விட்டேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மடத்துவெளி ஒழுங்கைகள் பச்சையாகிவிட்டன. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போய் அங்கே ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த முறையும் அப்படியே. அல்லைப்பிட்டியில் வாளி போதாமல் அண்டாவிலும் பிடித்தார்களாம்.

பிறகு ஒரு காலையில் ஓட்டோ ஒன்று காரியாலய வாசலில் வந்து நின்றது. உள்ளே மடத்துவெளிப் பெண்கள். மடியில், காலடியில், ஓட்டோவின் பின்பக்கம் எல்லாம் வெறும் தண்ணீர்க் கான்கள். ஆவணி வெயில். இறங்கினதும் ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இவளுடைய ஒழுங்கைக்காரி, கைக்குழந்தைக்காரி.

"ஏனடி எங்களைப் பச்சையாக்கினனீ?"

"அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை."

"பவுசர்க்காரனைக் கேட்டனாங்கள். நீ நல்ல தண்ணியெண்டு எழுதினபடியாத்தான் வரேல்லையாம். உன்ர கொம்மாவும் அந்த உப்பைத்தானே குடிக்கிறா? பால்மாவைக் கரைச்சுக் குடுத்தா பிள்ளை துப்புது. வந்து பார்."

"ஆரைச் சந்தோசப்படுத்த எழுதினனீ? வெளிநாட்டிலை இருந்து ஆரும் சொன்னவையோ?" என்று பின்னால் நின்றவள் கேட்டாள்.

பிள்ளை மேசைக்குப் போய் ஷீற்றைத் திறந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"கனடாக்காரற்ற கிணறு" என்று இருந்த இடத்தில் ஒரு பெரியவரின் முழுப்பெயர், அவருக்கு முன்னே அவருடைய தகப்பன் பெயர், அதற்கு முன்னே உடையார் என்ற பட்டம். பக்கத்து வரியில் யாரோ, "இது பங்குக் கிணறு, எங்களுக்கும் பாதி உண்டு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "பங்கு முடிஞ்சு கனகாலம், காணி உறுதியை எடுத்துப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். "கதைபேச்சில்லை" என்பதை ஒருவர் அழித்து, "கதைக்கிறோம்" என்று போட்டிருந்தார். இதெல்லாம் சிரிப்பு. தண்ணீர் எப்படி என்ற கட்டம்தான் சிரிப்பில்லை. அங்கே அனேகமாக ஒவ்வொரு வரியிலும் "உவர்" போய், "நல்ல தண்ணி". சிலர் அதற்கு மேலும் போய், "மிகவும் நல்ல தண்ணி", "தேன் மாதிரி" என்று எழுதியிருந்தார்கள். தேன் மாதிரி என்றவரின் கிணற்றில் பிள்ளை அளந்தபோது நானும் கூடப் போனேன். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர் அது.

எங்கள் கண்முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தது. ஷீற்றின் மேல் மூலையில் சின்னச் சின்ன வட்டங்கள். பெயர் தெரியாமல் திறக்கிறவர்களுக்கு அந்த மென்பொருள் மிருகத்தின் படத்தைப் போடும். ஒரு முயல், ஒரு ஆமை, பெயர் தெரியாத வேறு ஏதோ. முயலின் நிறக் கோடு ஒரு கட்டத்துக்குள் போய் நின்றது. ர் போனது. வ போனது. உவும் போனது.

ஓட்டோவில் வந்த பெண்களை நான் கூப்பிட்டேன். "வந்து பாருங்கோ. ஆர் எழுதிறது எண்டு பாருங்கோ" என்றேன். கைக்குழந்தைக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது விளங்கவில்லை. "முயல் ஏன் எங்கட கிணத்துக்குள்ள நிக்குது?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கே அரைவாசிதான் விளங்கியது.

பிள்ளை அந்தக் கட்டத்தின் பக்கத்துக் கட்டத்தில் எழுதினாள்: "தயவுசெய்து மாத்தாதேங்கோ. இதைப் பாத்துத்தான் பவுசர் போறது."

முயல் கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த கட்டத்தில் எழுத்து வந்தது.

"நான் அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தனான். நீர் ஆர்?"

"நான் அளக்கிற ஆள் அண்ணை. போன கிழமை குடிச்சும் பாத்தனான். உப்பு."

கோடு அங்கேயே நின்று துடித்தது. பிறகு வந்தது:

"எப்ப இருந்து?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். அவள் எழுதினாள்: "எனக்குத் தெரியாது அண்ணை. நான் அளக்கத் தொடங்கினதிலை இருந்து உப்புத்தான்."

"கிணத்தடித் தேசிக்காய் மரம்?"

"பட்டுப்போச்சு."

முயல் தான் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தது. "உவர்" என்று திரும்ப எழுதியது. பிறகு மேல் மூலையிலிருந்து மறைந்துவிட்டது. அந்த மனிசர் எந்த நாட்டில் எந்த நேரத்தில் விழித்திருந்தாரோ தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறது எனக்கு இலேசு, ஆனால் வரவில்லை.

என் தமையன் பரிஸ் நகரத்தில் இருக்கிறார். அவர் மனைவி புங்குடுதீவு, அதனால் அவரும் அந்தக் குறூப்பில். ஃபோனில் அவருக்கு எடுத்தேன்.

"அண்ணை, உங்கட குறூப்பில எங்கட ஷீற் ஏதும் வந்ததோ?"

"ஓம். உங்கட சேர்தான் போட்டவர். நல்ல வேலை செய்யிறியள். அதில ஒரு பிழை கிடந்தது, நான் திருத்திவிட்டனான்."

"என்ன பிழை?"

"மனிசி வீட்டுக் கிணத்தை உவரெண்டு போட்டிருந்தவை. கலியாணத்துக்கு அந்தக் கிணத்திலதானே நான் குளிச்சனான். எனக்குத் தெரியாதே?"

"அண்ணை, உங்களுக்குக் கலியாணம் நடந்து எவ்வளவு காலம்?"

"ஏன், அதுக்கிடையில தண்ணி மாறுமோ?"

"உங்கட தலையைத் தடவிப் பாருங்கோ, என்னவெல்லாம் மாறினது எண்டு தெரியும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு லிங்க் வந்த செய்தியைப் படம் பிடித்து அனுப்பினார். முகாமையாளரின் பெயர், அவருடைய வாசகம், கீழே எழுதுகிற லிங்க். வரிசையாக எத்தனையோ பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள்.

பழைய நிலைக்கு ஷீற்றைத் திருப்ப ஒரு வழி உண்டு. பிள்ளைக்கு அது தெரியும். திருப்பினாள். சாப்பிட்டு வருவதற்குள் மறுபடியும் பச்சை. திரும்பவும் திருப்பினாள். லிங்க் திறந்து கிடக்கும்வரை இது தீராது. லிங்க்கை மூடுகிற உரிமை ஃபோல்டரின் சொந்தக்காரருக்கு மட்டும்தான். சொந்தக்காரர் முகாமையாளர். அவர் கொழும்பில் ஒரு கூட்டத்தில். நாங்கள் ஃபோன் எடுத்தோம், எடுத்தோம், பதில் இல்லை. கடைசியில் பிள்ளை, மனதில் இருந்ததை வைத்து மடத்துவெளி ஒழுங்கைகளை ஒரு தாளில் எழுதி, பவுசர் அண்ணையின் கையில் கொடுத்து, "ஷீற்றைப் பாக்காதேங்கோ, இதைப் பாருங்கோ" என்றாள்.

"சேர் ஏசுவார்."

"ஏசினா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

அண்ணை போனார். பெண்களின் கான்கள் அன்றைக்கு நிறைந்தன. நல்லது. ஆனால் அவள் சொன்ன அந்த வசனத்தைப் பிறகு அவளுக்கு எதிராகவே பாவித்தார்கள். ஷீற்றை மீறி வண்டியை ஓடவிட்டாள் என்று.

முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்து லிங்க்கை மூடினார். அதற்குள் வெளிநாட்டில் கேள்வி எழும்பிவிட்டது. என்ன ஷீற் இது, ஒரு நேரம் உவர் என்கிறது, ஒரு நேரம் தேன் என்கிறது, உங்களை எப்படி நம்புவது? அவர் குறூப்பில் பதில் எழுதினார். எங்கள் காரியாலயக் குறூப்பிலும் அதையே போட்டார். "களப் பதிவில் ஏற்பட்ட கவனக்குறைவால் சில தரவுகள் மாறிவிட்டன. சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்." களப் பதிவுக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஆள். பெயர் எழுதாவிட்டால் என்ன, எழுதினால் என்ன. வெளிநாட்டுச் சொந்தங்கள் அதை ஊருக்கு அனுப்ப, பொழுதுபடுவதற்குள் மடத்துவெளி முழுக்கத் தெரிந்துவிட்டது. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அடிக்கச் சொல்லி எனக்குத்தான் அனுப்பினார்கள். நான் அடிக்கவில்லை. நகரத்தில் வேறு யாரோ அடித்தார்கள்.

நான் முகாமையாளருக்கு ஃபோன் எடுத்தேன். இந்த முறை எடுத்தார்.

"சேர், லிங்க்கைப் போட்டது நீங்கள்."

"பாக்கத்தான் அக்கா போட்டனான். திருத்தச் சொல்லேல்லையே."

"திருத்திற லிங்க்கைப் போட்டிட்டுப் பாருங்கோ எண்டா, சனம் என்ன செய்யும்? கையில பேனையைக் குடுத்திட்டு எழுதாதேங்கோ எண்டு சொல்லவும் இல்லையே."

"ஒரு சின்னக் கை பிசகு. ஆருக்கும் வரும்."

"வரட்டும். வந்தது எனக்குத்தான் எண்டு சொல்லுங்கோவன்."

அவர் மெதுவாகச் சொன்னார். "அக்கா, யோசியுங்கோ. தலைமையில இருக்கிறவனே பிழை விட்டிட்டான் எண்டு தெரிஞ்சா வெளிநாட்டில இருக்கிறவை இனி எங்களை நம்பாயினம். பவுசர் நிண்டிடும். நிண்டா ஆருக்குக் கஷ்டம்? மடத்துவெளிக்குத்தானே."

"அப்ப மடத்துவெளிக்குத் தண்ணி குடுக்க, மடத்துவெளிப் பிள்ளையைக் குடுக்கிறியள்."

"அவ வேற வேலை எடுப்பா."

"எங்க சேர்? கரம்பொனிலயோ, கடலுக்கையோ?"

வைத்துவிட்டார்.

அவர் சொன்னதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. பவுசர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கான்களை நான் பார்த்தவள். அந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை. ஆனால் அந்த மனிசர்கள் அப்படியானவர்களா? உப்பு என்று சொன்னதும் தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டுப் போன ஆளை நான் பார்த்தேன். என் தமையன் கோபித்துக்கொண்டு வைத்தவர், அடுத்த நாள் எடுத்து, "அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, நான் தெரியாமல் செய்தனான்" என்றார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவருக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது. அவருடைய மனைவி அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டு அழுதாவாம். அவர்கள் நம்பாமல் போகமாட்டார்கள். அவர்களைப் பற்றி முகாமையாளர் குறைவாக நினைத்துவிட்டார்.

பிள்ளைக்காகச் சண்டை பிடிக்கிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "விடுங்கோ அக்கா, உங்கட வேலையும் போகும், பிறகு ஆற்ற சாப்பாட்டை நான் எடுக்கிறது?" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு மீட்டரைத் தூக்கிக்கொண்டு அளக்கப் போனாள். ஒப்பந்தம் முடியும்வரை அளப்பேன் என்று பிடிவாதம். நானும் கூடப் போனேன்.

மடத்துவெளியில் முதல் வீட்டுப் படலை திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது, றேடியோ பாடியது. இரண்டாவது வீட்டில் அந்தக் கைக்குழந்தைக்காரி கிணற்றடியில் நின்றாள். பிள்ளை வாளியை எடுக்கப் போனாள். அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீ அளந்து என்ன, அளக்காமல் விட்டு என்ன. நீதானே பிழையா எழுதினதெண்டு மேலிடமே சொல்லிப்போட்டுது."

"நான் எழுதேல்லை அக்கா. நீங்கள் கண்ணால பாத்தனீங்கள்தானே."

"நான் முயலைத்தானே பாத்தனான்" என்றாள் அவள். குத்திக் காட்டவில்லை. அவள் பார்த்ததைச் சொன்னாள். "உன்ர சேர் எழுதினதை எல்லாரும் வாசிச்சவை. நீ சொல்லுறதை ஆர் வாசிச்சது?"

பிள்ளை மீட்டரை உறைக்குள் வைத்தாள். ஒழுங்கையில் நடக்கும்போது, "என்ர அம்மாவின்ர கிணத்தை மட்டும் அளப்பம்" என்றாள். அங்கே அளந்தோம். உப்பு கூடியிருந்தது. அதை ஷீற்றில் பதிய ஃபோனைத் திறந்தாள். திறக்க அனுமதி இல்லை என்று வந்தது. அவளுடைய பெயரை ஃபோல்டரிலிருந்து ஏற்கனவே எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு வேலை போகிறது என்பது ஒன்று. வேறு வேலை, வேறு சம்பளம் எப்படியோ வரும், வராமலும் போகும். ஆனால் அவள் அந்த ஒழுங்கையில்தான் இருக்கப் போகிறாள். அந்தப் பெண்களோடுதான் கோயிலுக்குப் போக வேண்டும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய் துருவ வேண்டும், அவர்கள் படலைக்கு முன்னால்தான் தினமும் நடக்க வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் வராமல் செய்தவள் என்று ஒருத்தி அவளைச் சொன்னால் போதும், அது அவளோடு இருந்துகொண்டே இருக்கும். அதை அழிக்கிற அனுமதி என்னிடம் இல்லை, அவளிடமும் இல்லை. அது எழுதினவரிடம் இருக்கிறது.

சேர், இனி உங்களோடு நேரே. ஷீற்றின் பழைய மாற்றங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் தங்கள் கிணற்றைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கிணறும் அதில் இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவில்லை. அது தொடக்கத்திலிருந்து உவர் என்றே கிடந்தது. உங்களுக்கு அந்தத் தண்ணீரின் உண்மை தெரியும், அதை மாற்ற உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உங்களை முழுக்க விட்டுவிட எனக்கு மனமில்லை. கெட்ட மனிசர் என்றால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன், வேறு வேலை பார்த்திருப்பேன்.

எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம். அக்கா, கதைச்சுத் தீர்ப்பம் என்று ஆள் அனுப்ப வேண்டாம். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவள் உடனே மன்னித்துவிடுவாள், அதோடு அது மறைந்துவிடும். நீங்கள் அவளைக் குற்றவாளியாக்கிய அதே குறூப்பில், மடத்துவெளிப் பெண்கள் வாசிக்கக்கூடிய தமிழில், உங்கள் பெயரைப் போட்டு, இந்த மாதம் முடிவதற்குள் பதில் எழுதுங்கள்: திருத்துகிற லிங்க்கை அங்கே போட்டது யார்?